நானே எழுதிய துண்டு

கையில் பால் வெட்டும் கத்தியோடு போய் நின்றதுதான் நான் செய்த தப்பாம்.

கல்லு வைத்தியர் வாசலில் நான் நின்ற கோலம் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. முழங்கால் வரை சேறு. இடுப்பில் சாக்கு. புடவைத் தலைப்பில் ரப்பர் பால் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மூச்சு வாங்க வாங்க, "ஐயா, எங்க வீட்டுக்காரரப் பாம்பு கடிச்சிருச்சுங்க, சுருக்கா வாங்கய்யா" என்று கத்தினேன்.

அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. எந்தப் பாம்பு, எங்கே கடித்தது, எவ்வளவு நேரமாச்சு, எதுவும் கேட்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பால் போடாத பிளேன்டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "வலது கால் முன்னால இருக்கு, நல்லது. ஆனா கையில இரும்போட வந்துட்டியே தாயி" என்றார்.

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பால் நிறுக்கும் இடத்தில் நான் போட்ட பழைய சண்டையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, அவிசாவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருந்தார். "அம்மா, உங்களுக்கு எப்பவுமே இவ்வளவு கோபம் வருமா?" வரும் தம்பி. ஆனால் அன்று காலையில் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

தூது

அப்போது நாங்கள் இருந்தது இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து நடத்திய காலம். நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டினோம். அவர் பேர் மாரிமுத்து. இப்போது எழுதுகிறேன்; அப்போதெல்லாம் வாயால் சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா பேச்சியம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி ரப்பர் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை பார்த்து ஓய்ந்தவர். மாமிக்கு ஒரே மகன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை.

அன்று பால் வெட்டி முடிக்கப் போகும் நேரம். அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மரங்கள். சருகுக்குள் கால் வைத்தவர் "ஐயோ புள்ள" என்று விழுந்தார். விழுந்த வேகத்தில் அவர் கத்தியே அவருடைய கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. குதிகாலுக்கு மேலே இரண்டு பல் பதிந்திருந்தது. பாம்பு சுருண்டு, குக்கர் ஆவி விடுகிற மாதிரி சீறிக்கொண்டு கிடந்தது. கண்ணாடி விரியன். சிங்கள ஆட்கள் தித் பொலங்கா என்பார்கள்.

நானும் இன்னொருவருமாக அவரை நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, தூக்கி வந்தோம். மாமி பார்த்ததும், "ஓடுடி, கல்லு வைத்தியரக் கூட்டிக்கிட்டு வா" என்றார். ஓடினேன். மாமி அனுப்பினார், அதனால் போனேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நானும் நம்பித்தான் ஓடினேன்.

பாம்புக்கடிக்கு ஆள் கூப்பிட வருகிறவருக்கு எங்கள் பக்கத்தில் தூது என்று பேர். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் தூதைப் பார்ப்பார். எந்தக் கால் முன்னால், தலைமுடி அவிழ்ந்திருக்கிறதா, கையில் கயிறு இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா. அதை வைத்தே ஆள் பிழைப்பானா மாட்டானா என்று சொல்லிவிடுவார். கடித்தது ஒருவரை, சோதிப்பது இன்னொருவரை! இதில் என்ன நியாயம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"சரி, வலது கால் காப்பாத்தும். பொழச்சுக்குவான்" என்று சொல்லி ஒருவழியாக எழுந்து சட்டையை மாட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாணிக்க ஊரில் ஒரு கறுப்புக் கல்

இரத்தினபுரிக்காரர்களுக்குக் கல் என்றால் ஒரு மயக்கம். மாணிக்கக் குழியில் ஒரு கல் கிடைத்து ஒரே நாளில் மாடி வீடு கட்டியவர்களைக் கண்ணால் பார்த்த ஊர். ஒரு கல் மனுஷனைப் பணக்காரனாக்கும் என்றால், இன்னொரு கல் விஷத்தை இறக்காதா? அப்படித்தான் நினைத்தோம்.

கல்லு வைத்தியர் முன்னே மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தவர். ஒருநாள் குழியிலிருந்து கறுப்பாக ஒரு கல்லோடு மேலே வந்தாராம். அதற்குப் பிறகு தண்ணீர் இறைக்கவில்லை, வைத்தியர் ஆகிவிட்டார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடைவீதியில் ஒரு அறை, சுவரில் சாமி படம், மேசையில் கழுத்தில் மாட்டுகிற குழாய் ஒன்று. அந்தக் குழாயை அவர் யார் நெஞ்சிலும் வைத்து நான் பார்த்ததில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நாட்டு வைத்தியத்தை இளப்பமாகப் பேசுகிறவள் இல்லை. எங்கள் தோட்டத்துக்குக் கீழே கிராமத்தில் ஒரு சிங்கள வெத மாத்தயா இருந்தார். தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற குடும்பம். என் தம்பி கையை அவர்தான் நேராக்கினார். ஆனால் அவர், "இது என் வேலை இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லத் தெரிந்தவர். கல்லு வைத்தியர் வாயில் அந்த ஒரு வசனம் வந்து யாரும் கேட்டதில்லை.

லயத்தில் எங்கள் அறைக்கு, காம்பராவுக்கு, வந்தார். கணுக்காலுக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிளேடால் கீறிக் கல்லை வைத்தார். கல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. வாசலில் கூடியிருந்தவர்கள் "ஆங்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கல் தானாக விழுந்தது. பாலில் போட்டுக் கழுவினார். "எறங்கிருச்சு. ரெண்டு விஷயம். இன்னைக்குத் தூங்க விடாதீங்க. ஆத்தத் தாண்ட விடாதீங்க. தண்ணியத் தாண்டினா மிச்சம் இருக்கிற விஷம் தலைக்கு ஏறும்."

ஆற்றைத் தாண்டினால்தான் ஆஸ்பத்திரி. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நிற்காத ரத்தம்

மாமி வைத்தியருக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன். கத்தி கிழித்த விரல். துணி சுற்றியிருந்தேன். துணி முழுக்க நனைந்திருந்தது. மாற்றிக் கட்டினேன். அதுவும் நனைந்தது.

பால் வெட்டுகிறவளுக்கு ஒரு விஷயம் தெரியும். மரத்தைக் கீறினால் பால் சொட்டும், சொட்டும், பிறகு வெட்டுவாயில் தானாகவே உறைந்து அடைத்துக்கொள்ளும். மறுநாள் அந்தக் காய்ந்த பாலை உரித்துவிட்டுத்தான் திரும்ப வெட்டுவோம். மரத்துக்கே அப்படி இருக்கும்போது மனுஷன் விரல் இவ்வளவு நேரமாக ஏன் அடைக்கவில்லை?

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். துப்பினார். பீங்கான் தட்டு சிவப்பாகிவிட்டது. ஈறெல்லாம் ரத்தம்.

"வைத்தியரய்யா, இங்க பாருங்க! ரத்தம் நிக்கல. பல்லுலயும் வருது."

எட்டிப் பார்த்தார். "கெட்ட ரத்தம் போகுது. போகட்டும், நல்லதுதான்."

"எவ்வளவு போகும்?"

"போற வரைக்கும் போகும்."

கேட்டீர்களா பதிலை! அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குக் கண் திறந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. என்னைப் பார்க்காமல் மாமியைப் பார்த்துச் சொன்னார்: "நான் அப்பவே பார்த்தேன். தூது வந்தவ கையில கத்தி. ஏதாவது ஆச்சுன்னா அது கல்லோட குத்தம் இல்ல."

மாமி அலறினார். "கத்திய ஏன்டி தூக்கிக்கிட்டுப் போன? வச்சிட்டுப் போகத் தெரியாதா? எம்மகன் உயிர எடுக்கவாடி வந்த?"

ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். உண்மையாகவே, "நான்தானோ?" என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததற்காக எனக்கு என்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அது இந்த நிமிஷம் வரைக்கும் ஆறவில்லை. தினமும் விடிந்ததும் எடுத்து, எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்ட கத்தி. அதுவா என் புருஷனைக் கொல்லும்?

மாமி கண்ட ஆஸ்பத்திரி

இந்த இடத்தில் மாமியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மாமியைத் திட்டுவீர்கள். திட்டாதீர்கள்.

வெள்ளைக்காரத் துரை காலம். மாமி கைக்குழந்தைக்காரி. மாமாவுக்கு அடிவயிற்றில் வலது பக்கம் வலி. தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஒருவர் இருந்தார். டாக்டர் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. மருந்து கலந்து கொடுக்கப் பழகியவர், அவ்வளவுதான். காய்ச்சலுக்கும் சிவப்புத் தண்ணீர், வயிற்று வலிக்கும் சிவப்புத் தண்ணீர், பிள்ளை பெற்றவளுக்கும் அதே சிவப்புத் தண்ணீர். ஆனால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் அவர் ஒரு துண்டு எழுதித் தரவேண்டும். துண்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் வேலைக்கு மட்டம் போட்டான் என்று கணக்கு.

"வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று அவர் சொன்னாராம். மாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மருந்துக் காம்பரா வாசல் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் துண்டு கிடைத்தது. பேசிக்கொண்டே வண்டியில் போன மாமா, பாயில் சுற்றித்தான் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து மாமிக்கு ஒரே பேச்சு. "ஆஸ்பத்திரி தின்னுருச்சு." எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், தலை சீவிக்கொண்டே சொல்வார். துண்டு எழுதாத அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை திட்டியதில்லை. அந்த ஆள் செத்துப்போன பிறகும் மாமி அவரை டாக்டர் ஐயா என்றுதான் சொன்னார்.

வாசற்படி

நான் கம்பளியை எடுத்து விரித்ததும் மாமி வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார்.

"என்னைத் தாண்டித்தான் போகணும். அவங்கப்பனக் குடுத்தது போதும். இவனையும் குடுக்க மாட்டேன்."

"மாமி, மாமாவ டாக்டர் பாக்கவே இல்ல. ரெண்டு நாளா அவரப் பார்த்தது டாக்டரே இல்ல. டாக்டர் கைக்குப் போனப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்த டாக்டர் ஐயாவும் இந்த ஆளும் ஒண்ணுதான். கால மடக்குங்க."

"மாட்டேன்."

"தாண்டிருவேன்."

"தாண்டுடி பாப்போம்."

பெரியவர்கள் காலைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் கிடக்கிற குழந்தையைக்கூடத் தாண்ட மாட்டோம். நான் தாண்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமியின் இரண்டு காலையும் தாண்டி வெளியே நின்று, பக்கத்துக் காம்பரா ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். "அண்ணே, கம்பளியப் பிடிங்க. கேள்வி கேக்காதீங்க."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சன்னமாகச் சொன்னார்: "அம்மா, வழி விடுங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு."

மகன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை மாமி அதற்கு முன் கேட்டதில்லை. காலை மடக்கினார். கல்லு வைத்தியர் தன் கல்லைத் துணியில் முடிந்துகொண்டு, "ஆத்தத் தாண்டாத தாயி, சொல்லிட்டேன்" என்று கத்தினார். கம்பளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மாமி தலைவிரிகோலமாகப் பின்னால் ஓடி வந்தார்.

காதில் இருந்த பென்சில்

துரைமார் போய் எத்தனையோ வருஷம். ஆனால் துண்டு போகவில்லை! எங்கள் காலத்திலும் தோட்டத்து லொறியில் நோயாளியை ஏற்ற மருந்து ஐயாவின் துண்டு வேண்டும். அன்று மருந்துக் காம்பரா பூட்டிக் கிடந்தது. மருந்து ஐயா லீவு.

பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பால் லொறி மட்டும்தான் நின்றது. பால் ஊற்றுகிற தாங்கி நிறைந்து புறப்படப் போகிறது. பக்கத்தில் கணக்கப்பிள்ளை.

"துண்டு இல்லாம ஏத்த ஏலாது" என்றார்.

"பூட்டிக் கிடக்குங்க. யாருகிட்ட வாங்குறது?"

"அதுக்கு நான் என்ன செய்ய? பெரிய கிளாக்கர் கேட்டா என் வேலை போகும்."

லொறி கிளம்பியது. நான் போய் நடு றோட்டில் நின்றேன். டிரைவர் பியதாச பிரேக்கைப் போட்ட போட்டில் தாங்கிக்குள் பால் தளும்பும் சத்தம் கேட்டது. நல்ல மனிதர். எங்களோடு பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவார். தலையை வெளியே நீட்டினார்.

"மொகத நங்கி, சாகவா போற?" என்ன தங்கச்சி என்கிறார்; நான் அவரை அய்யே, அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"அய்யே, எங்க வீட்டுக்காரருக்குப் பொலங்கா கடிச்சிருச்சு. இரத்தினபுரிக்குக் கொண்டு போகணும்."

கம்பளியைப் பார்த்தார். முகம் இறங்கியது. ஆனாலும், "துண்டுவ கோ?" என்றார். துண்டு எங்கே?

அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். துண்டு இல்லாமல் ஆள் ஏற்றியதற்காக ஏற்கெனவே ஒரு தடவை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. இடுப்பு மடியில் முந்தின நாள் பால் எடை போட்டுக் கொடுத்த சிட்டை இருந்தது. கணக்கப்பிள்ளையிடம் போனேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினேன். "ஏய், ஏய்" என்றார். லொறியின் மட்காட்டில் சிட்டையைத் திருப்பி வைத்து எழுதினேன்.

"என் கணவர் மாரிமுத்துவைப் பாம்பு கடித்துள்ளது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். சரஸ்வதி, பால் வெட்டு."

புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், அன்றுதான் முதன்முதலாக எழுதினேன். ஒரு எழுத்துக்கூட நடுங்கவில்லை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்களே என்று அழுதவள் நான். அந்த எட்டு வகுப்பும் அன்று போதுமாக இருந்தது.

பியதாச வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முன்னும் பின்னும் திருப்பினார். கணக்கப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.

"துண்டுவக் துண்டுவக் தமய்" என்றார். துண்டு என்றால் துண்டுதான். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். கணக்கப்பிள்ளை மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாலம் வந்ததும் மாமி மகன் உச்சந்தலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார், விஷம் ஏறாமல் தடுப்பதற்கு. தாண்டியதும், "ஐயா மாரிமுத்து" என்றார். "இருக்கேம்மா" என்றார் அவர்.

உறையல

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்க வந்தவர் சின்ன வயசு டாக்டர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மாமி என் காதில், "இதுவா டாக்டரு?" என்றார்.

அவர் என் காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. எத்தனை மணிக்குக் கடித்தது, பாம்பைப் பார்த்தாயா, எப்படி இருந்தது, என்ன சத்தம் போட்டது, ரத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அவர் பேசியது சிங்களம். எனக்குப் பிரச்சினை இல்லை. சீறின சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன்.

கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் ஆடாமல் நிறுத்தினார். மணியைப் பார்த்தார். இருபது நிமிஷம் என்றார்.

அந்த இருபது நிமிஷம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பி வந்து குழாயை மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது.

எனக்கு முன்னால் மாமி சொன்னார். "உறையல."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மாமி வாழ்நாள் முழுக்க ஸ்டோரில் பாலில் ஆசிட் ஊற்றி, உறைந்ததா இல்லையா என்று தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர். அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"அவங்க சொல்றது சரி" என்றார் டாக்டர். "விஷம் உறைய விடுதில்ல. அதுக்கு மருந்து ஏத்தப் போறேன். சில பேருக்கு அந்த மருந்தே ஒத்துக்காது, குளிர் நடுக்கம் வரும். வந்தா அதுக்கு ஊசி பக்கத்துலயே வச்சிருக்கேன். கிட்னி எப்படி இருக்கும்னு ரெண்டு மூணு நாளைக்கு எனக்குச் சொல்லத் தெரியாது."

தெரியாது! அன்று காலையிலிருந்து ஒரு ஆள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் "தெரியாது" அது. அதைக் கேட்டுத்தான் எனக்குத் தைரியமே வந்தது. நான் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே என் மகள், "எப்படிம்மா?" என்கிறாள். போற வரைக்கும் போகும் என்றவனையும் பார்த்துவிட்டு, தெரியாது என்றவரையும் பார்த்திருந்தால் உனக்கும் வந்திருக்கும்டி.

மருந்து ஏற்றினார்கள். அவர் சொன்ன மாதிரியே நடுக்கம் வந்தது. கட்டில் அதிர்ந்தது. அவர் சொன்ன மாதிரியே ஊசி போட்டு அடக்கினார். சாயங்காலம் திரும்பவும் குழாய். இந்தத் தடவை டாக்டர் அதை மாமியிடமே கொடுத்தார். மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மெல்லச் சாய்த்தார். ஓடவில்லை.

"உறைஞ்சிருச்சு ஐயா" என்று மாமி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். நான் சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அது வரைக்கும் ஒரு சொட்டு அழவில்லை.

பெஞ்சு

வார்டுக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தோம். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"ஏன் புள்ள, இங்க யாரும் துண்டு கேக்கலியே?"

"ஆஸ்பத்திரியில எதுக்கு மாமி துண்டு? அது தோட்டத்துக்காரங்களுக்குத்தான்."

"எப்பவுமே அப்படித்தானா? துரை காலத்துலயும்?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடமிருந்து கற்றுக்கொண்டதைச் சொன்னேன். "தெரியல மாமி."

மாமி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி தின்னுருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வேற யாரச் சொல்ல? நாந்தானே அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். ரெண்டு நாளு. எழுந்திருடின்னு யாரும் சொல்லல. நீ ரெண்டு நிமிஷத்துல எழுதிட்ட புள்ள. அவ்வளவுதானா அது?"

நான் மாமி கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தோம். இப்போது என் வீட்டுக்காரர் உள்ளறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது. வந்த மறுநாள் மாமி என்னிடம் ஒரு கொப்பித் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "அன்னைக்கு எழுதின துண்டு மாதிரியே எழுதிக் குடு. பேரு எழுதற எடத்தச் சும்மா விடு." எழுதிக் கொடுத்தேன். வெற்றிலைச் சுருக்குப் பையில் பாக்கோடு போட்டு முடிந்துகொண்டார்.

மூன்று மாதம் போயிருக்கும். மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வலி. பிள்ளை திரும்பவில்லை. மந்திரித்த கயிறு, மந்திரத் தண்ணீர் என்று யாரோ கல்லு வைத்தியரையே கூட்டி வந்து வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த மலையிலிருந்து நான் செய்தி கேட்டு ஓடி வந்தபோது, றோட்டில் பால் லொறி நின்றுகொண்டிருந்தது. பியதாச ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

லொறிக்கு முன்னால், நடு றோட்டில், வெற்றிலையை மென்றபடி மாமி நின்றுகொண்டிருந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து, பாக்குத் தூளைத் தட்டிவிட்டு, துண்டை எடுத்து நீட்டினார்.